இத்தாலிக்காரியின் பின்சீட்

பழைய பைக்குகளுக்கு விலை சொல்வது என் தொழில். ஆபீஸ் போய்வருகிற வண்டிகளுக்கு அல்ல. ஆசைப்பட்டு, வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் அடம்பிடித்து வாங்குகிறார்களே, அந்த வண்டிகளுக்கு. விலை சொல்லும்போது எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. குழந்தை பிறந்துவிட்டது என்று அழுதுகொண்டே விற்க வருகிறவனும் ஒன்றுதான், அடுத்த மாடலுக்குத் தாவச் சிரித்துக்கொண்டே விற்க வருகிறவனும் ஒன்றுதான்.

எனக்குக் காதில் கேட்கவே பிடிக்காத வார்த்தை ‘அப்கிரேடு’. கம்பெனிக்காரன் என்ன, கண்ணை மூடிக்கொண்டா வண்டியைச் செய்தான்? வாங்கிய மறுநாளே சைலன்சரைக் கழற்றுவார்கள், சக்கரத்தை மாற்றுவார்கள், கழற்றியதைக் காயலான் கடையில் போடுவார்கள். பிறகு என்னிடம் வந்து, “இதுக்கு மட்டும் எவ்வளவு செலவு பண்ணேன் தெரியுமா சார்?” என்பார்கள். “அது உங்க சந்தோஷம். அதுக்கு நான் எப்படி விலை போடறது?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், இந்தக் கூட்டத்தில் சேராத ஆள். அவரும் மாற்றுவார். ஆனால் கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, மேலே பெயரெழுதி அடுக்கிவைப்பார். பல் டாக்டர் இல்லையா, பிடுங்கியதைக்கூடப் பத்திரப்படுத்துகிற குணம். அவர் முதலில் எனக்கு வாடிக்கையாளர். இத்தாலியிலிருந்து வந்த அந்தச் சிவப்பு வண்டியைத் தேடிப்பிடித்துக் கொடுத்தவன் நான்தான். வண்டி வந்த ராசி, அந்த வருஷமே என் தங்கையையும் கொடுத்தேன்.

கல்யாணமான முதல் வாரமே ஒரு காரியம் செய்தார். இரண்டு பேர் உட்காரும் சீட்டைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிக்குப் போடுகிற ஒற்றைச் சீட்டைப் பொருத்தினார். எடை குறையுமாம். பின்னால் கால் வைக்கிற கம்பிகளும் பெட்டிக்குள் போயின. தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்ப நான் எங்க உக்கார்றது?” என்று கேட்டாள். “உனக்குத்தான் கார் இருக்கே” என்றார் மனிதர், ரொம்ப நல்ல பதில் சொல்லிவிட்ட நினைப்பில். அன்றிலிருந்து அவள் அந்த வண்டியைச் ‘சக்களத்தி’ என்றுதான் சொல்வாள். அவர் ‘இத்தாலிக்காரி’ என்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இத்தாலிக்காரியோடு மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார். இவள் வாசலில் நின்று, “சக்களத்தியைப் பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க” என்று வழியனுப்புவாள். அந்தப் பின்சீட்டில் யாருமே உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“மச்சான், வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஒரு விலை சொல்லுங்க.”

“காரையா?”

“இல்ல. அவளை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். நான் தொழில் புத்தியில் எதையும் நோட்டம் விடுகிற ஆள். கதவில் உருண்டைக் குமிழ் இருந்த இடத்தில் நீளமான கைப்பிடி புதிதாகப் போட்டிருந்தது. உள்ளே எல்லா அறைக் கதவுகளிலும் அப்படியே. கை கழுவப் போனால் திருகுகிற குழாயைக் காணோம். புறங்கையால் தட்டினாலே தண்ணீர் வருகிற மாதிரி ஒன்று இருந்தது.

“என்னடி இது, புருஷன் வண்டிக்குப் பண்றார், நீ வீட்டுக்குப் பண்றியா? அந்த வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?” என்றேன்.

“பழசெல்லாம் லூசாயிடுச்சுண்ணா. கடையில இது அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன்” என்று சிரித்தாள். எனக்கு ஒரு டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு, அவருக்கென்று நாலு விரலும் நுழைகிற காது வைத்த பெரிய கோப்பையில் பாதி மட்டும் ஊற்றினாள். “சக்களத்தியைத் துரத்தப் போறார், கேள்விப்பட்டியா?” என்றாள். சந்தோஷப்பட வேண்டியவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம். கணவனின் பொம்மை போகிறதே என்று இவளுக்கும் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். விலை சொல்கிறவனின் கண் அவ்வளவுதான்.

வண்டி வீட்டின் பின்பக்க ஷெட்டில் நின்றது. போர்வையை எடுத்ததும் வழக்கம்போல ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். எத்தனை வண்டி பார்த்தாலும் இதன் முன்னால் எனக்குக் கொஞ்சம் வாயடைத்துத்தான் போகும். பிறகு குனிந்து வேலையை ஆரம்பித்தேன். சைலன்சர், எடை குறைந்த சக்கரங்கள், முன் சக்கரத்தைத் தாங்குகிற தங்க நிற ஃபோர்க் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. எல்லாம் வேகத்துக்காகச் செய்தவை.

தெரியாதவையும் இருந்தன. கியர் மிதியோடு ஒரு சின்னக் கருவி சேர்ந்திருந்தது. ஓடும்போது கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். ‘சோம்பேறிக் கருவி’ என்று என்னிடம் கிண்டல் செய்த மனிதர் இவர். கைப்பிடிகள் பழைய இடத்தைவிட உயர்ந்திருந்தன. கிளட்சை உள்ளே தள்ளுகிற சின்ன சிலிண்டரை மாற்றிப் பெரிய பிஸ்டன் போட்டிருந்தார். போட்டால் கை அழுத்த வேண்டிய பலம் குறையும். கிளட்ச் லீவரும் மாறியிருந்தது, விரலுக்கு எவ்வளவு கிட்டத்தில் வர முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். இடது கைப்பிடியில் தடிமனாக ரப்பர் சுற்றியிருந்தது. வலது கைப்பிடி எப்போதும்போல மெல்லியது.

இதில் எதுவுமே வேகத்துக்கு அல்ல. நான் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. இந்த வண்டியின் கிளட்ச் முரடு என்று ஊரே புலம்பும்; அந்த முரட்டுத்தனம்தான் அழகு என்று சண்டைக்கு நிற்பவர் இவர்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் இடது கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, கையைக் காட்டுங்க.”

“என்ன கை?”

“பையில இருக்கிற கை.”

மெதுவாக எடுத்து நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது. தோலுக்குக் கீழே ஏதோ புழு நெளிகிற மாதிரி அடிக்கடி துடித்தது.

“கிளினிக்ல பல் பார்க்கிற கண்ணாடியை இந்தக் கையிலதான் பிடிக்கணும் மச்சான். ஒரு பெரியம்மா வாய்க்குள்ளயே நழுவிடுச்சு. அன்னிக்கே ஜூனியர்கிட்ட விட்டுட்டேன். இவகிட்ட கழுத்துவலின்னு சொல்லியிருக்கேன்.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“நரம்பு. கையில ஆரம்பிச்சிருக்கு. கையோட நிக்காதாம்.” அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

“அவளுக்குச் சொல்லணும் மாப்பிள்ளை.”

“சொல்றேன். வண்டி போனதும் சொல்றேன். ரெண்டையும் ஒண்ணா அவ தலையில போட வேணாம்.” பிறகு டேங்கின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு சொன்னார். “ஒரே ஒரு ஆசை. இவளைக் குடுக்கிறதுக்கு முன்னாடி மலைப்பாதையில ஒரு ரவுண்டு. பேட்டரி செத்துக் கிடக்கு, டயர் இறுகிப்போச்சு. நீங்க கொண்டுபோய்ச் சரி பண்ணிக் குடுங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு, போதும். கிளம்பும்போதும் நிக்கும்போதும் மட்டும் கிளட்ச் பிடிச்சா போதுமே, அதுக்குத்தான் இவ்வளவும் பண்ணி வெச்சிருக்கேன்.”

வேன் கொண்டுவந்து வண்டியையும் அந்தப் பெட்டிகளையும் ஏற்றி, வண்டிகளைப் பழுதுபார்க்கிற என் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வழி நெடுக அழுதேன். வேனில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வாங்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் ‘கண்ணாடிக்கூண்டு’ என்று ஒருவர் இருக்கிறார். அச்சகம் வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். வண்டி வாங்குவார், ஓட்டமாட்டார். வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கூண்டு செய்து உள்ளே நிறுத்தி, விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு இத்தாலிக்காரிக்காக அவர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார். “ஒரு ஆணிகூட மாறியிருக்கக் கூடாது. கம்பெனியிலேர்ந்து எப்படி இறங்கிச்சோ அப்படி வேணும்” என்றார். அப்படிக் கொடுத்தால் கேட்ட விலை தருவார். இனி அந்த வீட்டுக்கு வரப்போகிற செலவை நினைத்தேன். சரி என்றேன்.

பிறகு நான் செய்ததை என்னைப் போன்ற ஒருவன்தான் செய்வான். வேறு யாரும் இவ்வளவு முட்டாள்தனமாகச் செய்யமாட்டார்கள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. சைலன்சரில் ஆரம்பித்தேன். சக்கரங்கள், ஃபோர்க், கைப்பிடிகள் என்று ஒன்று முடிந்தால் அடுத்ததற்குக் கை தானாகப் போயிற்று. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக முதல் நாள் பார்த்த வண்டியாக மாற மாற எனக்கே தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை இதைப் பார்த்தால் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே முடுக்கினேன். கடைசிப் பெட்டியில் அந்த இரட்டைச் சீட்டு. பின்பக்கம் மடிப்புக்கூட விழாமல் இருந்தது. அதைப் பொருத்தும்போது ஒரு யோசனை வந்தது. அவர் ரவுண்டு போகும்போது தங்கையைப் பின்னால் ஏற்றிவிட்டால் என்ன? இத்தனை வருஷக் கோபத்துக்கு ஒரு முடிவு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கியர் மிதியில் இருந்த கருவியைக் கழற்றினேன். கிளட்ச் சிலிண்டரையும் மாற்றினேன். லீவரையும் மாற்றினேன். இடது கைப்பிடியின் ரப்பரை உரித்து எறிந்தேன். அந்தக் குழி விழுந்த கையைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் ஸ்பானரைப் பிடித்துவிட்டால் எனக்கு வண்டிதான் தெரியும், ஆள் தெரியாது. மாற்றியதும் லீவரை நானே பிடித்துப் பார்த்தேன். நாளெல்லாம் ஸ்பானர் முறுக்குகிற என் கைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தொழிற்சாலைக் கிளட்ச், அருமை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை காரை ஓட்டிக்கொண்டு அவரை அழைத்துவந்தாள். பழைய தோல் ஜாக்கெட் போட்டிருந்தார். தோள்கள் அதற்குள் தொளதொளத்தன. வண்டி பட்டறையின் நடுவில், பின் சக்கரம் தரையில் படாமல் பின் ஸ்டாண்டில் ஏறி நின்றது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மச்சான்! பொண்ணு பார்க்கப் போனப்ப இருந்த மாதிரியே இருக்காளே!”

“எந்தப் பொண்ணு?” என்றாள் தங்கை.

“உன்னைச் சொல்லல, நீ இப்பவும் அப்படியேதான் இருக்கே” என்று சமாளித்தார். மூன்று பேரும் சிரித்தோம். அன்று நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏறி உட்கார்ந்தார். சாவி போட்டு ஸ்டார்ட் செய்தார். அந்தப் பழைய சைலன்சரின் அடங்கிய உறுமல் பட்டறையை நிறைத்தது. புகை போகப் பின்கதவை நான் அகலத் திறந்து வைத்தேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு இடது கையைக் கிளட்ச் லீவரில் வைத்து இழுத்தார்.

லீவர் அசையவில்லை.

விரல்களை மாற்றிப் போட்டு மறுபடி இழுத்தார். கொஞ்சம் வந்து திரும்பிப் போயிற்று. முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் லீவர் வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ மறந்துவிட்டு வழி கேட்கிற ஆள் மாதிரி பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அய்யோ மாப்பிள்ளை, நான் மடையன். எல்லாத்தையும் மாத்தித் தொலைச்சுட்டேன். கொஞ்ச நேரம் குடுங்க, பழைய சிலிண்டர் இங்கதான் இருக்கு, போட்டுடறேன். மத்தியானத்துக்குள்ள போட்டுடறேன்.”

“வேணாம் மச்சான்.”

“போட்டுடலாங்க!”

“அது போன மாசத்துக் கைக்குப் பண்ணது. இப்ப அதையும் இந்தக் கை பிடிக்காது. காலையில பல்விளக்கும்போதே தெரிஞ்சுது. இருந்தாலும் வந்து பார்க்கலாம்னு வந்தேன்.”

அவர் நிஜத்தைச் சொன்னாரா, என் மேல் பழி விழக் கூடாது என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கும் தைரியம் வந்ததில்லை. பல நாள் இதை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறது.

தங்கை வண்டிக்கு இடது பக்கம் வந்து நின்றாள். அவளுக்குத் தெரியாத விஷயத்தை எப்படி மறைப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அவருடைய இடது கையின் மேல் தன் கையை வைத்தாள். விரல்மேல் விரலாக.

“சொல்லுங்க, எப்ப அமுக்கணும்?”

அவர் அவளையே பார்த்தார். “கழுத்துவலிடி. கை கொஞ்சம் மரத்துப்போச்சு” என்றார்.

“கழுத்துவலிக்காரருக்குத்தான் நான் பாட்டில் மூடியெல்லாம் லூசாக்கி வெக்கிறேனா? கதவுக் கைப்பிடியெல்லாம் எதுக்கு மாத்தினேன்? சட்டைப் பட்டனைப் பிச்சுட்டு உள்ள ஒட்டுற துணி வெச்சுத் தெச்சேனே, புதுசா தையல் கத்துக்கிட்டேன்னு நினைச்சீங்களா?” அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே அதட்டினாள். “நீங்களா சொல்வீங்கன்னு காத்துட்டிருந்தேன். வண்டிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியல. சக்களத்தின்னு சும்மாவா சொன்னேன்?”

அவர் அழுதார். ஹெல்மெட் போடாததால் மறைக்க வழியில்லை. நான் சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வண்டியை மாற்றியிருக்கிறார், இவள் வீட்டை மாற்றியிருக்கிறாள். ஒருவருக்கொருவர் தெரியக் கூடாதென்று ஒரே வீட்டுக்குள் இருவரும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்து என்ன புண்ணியம்?

“சொல்லுங்க” என்றாள் மறுபடி. “எப்ப அமுக்கணும்?”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இப்ப.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். இரண்டு கையும் சேர்ந்து லீவரை உள்ளே கொண்டுபோயின. அவர் காலால் முதல் கியரைத் தட்டினார்.

“மெதுவா விடு. மெதுவா... அவ்வளவுதான்.”

அந்தரத்தில் நின்ற பின் சக்கரம் சுழலத் தொடங்கியது. அவர் வலது கையால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினார். “அமுக்கு” என்றார். இரண்டாம் கியர். “விடு.” “அமுக்கு.” மூன்று. அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய காலைப் பார்த்தே அமுக்கினாள். ஆறாவது கியரில் சக்கரத்தின் கம்பிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று வந்து மேசைமேல் இருந்த துணிகளைத் தள்ளியது. அவர் டேங்கின் மேல் குனிந்து, பட்டறைச் சுவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டரில் கிலோமீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. விற்கப்போகிற வண்டியில் வீணாக மீட்டர் ஏறினால் நான் ஆளை அடிக்கவே போய்விடுவேன். அன்று ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு கியராக இறங்கி வந்தார்கள். நியூட்ரல் விழுந்தது. சக்கரம் நின்றதும் வண்டி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். எஞ்சினை அவர் அணைக்கவில்லை.

“ஏறு” என்றார் தங்கையிடம்.

“எதுல?”

“உனக்கு இடம் போட்டிருக்கார் உங்கண்ணன். ஏறு.”

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் கால் வைத்து ஏறினாள். மடிப்பு விழாத அந்தச் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கினார், வளைவுகளில் போகிற மாதிரி. இதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

கண்ணாடிக்கூண்டு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். புதுச்சட்டை போட்டு, கையில் ஒரு மெத்தென்ற துணியோடு காரிலிருந்து இறங்கினார்.

“வண்டி ரெடியா?”

“வெளிய போயிருக்கு சார். கடைசியா ஒரு ரவுண்டு. சொந்தக்காரரும் அவர் சம்சாரமும்.”

அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஷட்டரைப் பார்த்தார். “சத்தம் உள்ள கேக்குதே?”

நான் ஒரு நாற்காலியை எடுத்துவந்து நிழலில் போட்டேன்.

“மலைப்பாதைக்குப் போயிருக்காங்க சார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். உக்காருங்க” என்றேன்.